விஜய் சங்கர் ஓடிப்போகவில்லை

ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ் அணியைக் கொண்டாடும் பனியன் கம்பெனி அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும்,



2025 ஜூலை 6 இரவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் டிராகன்ஸ் அணியை அவர்கள் மண்ணிலேயே 118 ரன் வித்தியாசத்தில் சாய்த்து, தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை நம் அணி முதல்முறையாகத் தூக்கியது. அமித் சாத்விக்கும் துஷார் ரஹேஜாவும் வெளுத்ததில் 220 ரன். எதிரே அஸ்வின் தலைமையில் இறங்கியவர்கள் 102-க்குச் சுருண்டார்கள். அந்த இரவைப் பாட ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஆட்டமே நடக்காத மாதங்களைப் பற்றி.

அந்த மாதங்களில்தான் உங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் அதிகம் கொதிக்கின்றன. யாரைத் தக்கவைத்தார்கள், யாரை விடுவித்தார்கள், ஏலத்தில் யார் எவ்வளவுக்குப் போனார்கள் என்று ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்திப் பேசுகிறீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழும்போதெல்லாம் உறுத்துகிறது: “காசு கூடக் கிடைச்சதும் ஓடிட்டான்.”

விஜய் சங்கரை எடுத்துக்கொள்வோம். 2023 ஏலத்தில் திருப்பூர் அவரை 10.25 இலட்சத்துக்கு எடுத்தது. 2025 ஏலத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 18 இலட்சத்துக்கு எடுத்தது. ஓடிட்டான் என்றார்கள் சிலர். அவர் ஓடவில்லை. நினைத்தாலும் ஓட முடியாது. அந்த ஆட்டத்தின் விதியில் அதற்கு வாசலே வைக்கவில்லை.

டி.என்.பி.எல். 2016-இல் தொடங்கியது. முதலில் வீரர்களைக் குலுக்கலும் வரிசையுமாகப் பங்கிட்டார்கள். 2023-இல்தான் ஏலம் வந்தது. அந்த ஏலத்தில் ஓர் அணி மொத்தமாக 70 இலட்சத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்பது விதி. இந்தியாவுக்கு ஆடியவருக்கு அடிப்படை விலை 10 இலட்சம். கடைசிப் பிரிவில் நிற்கும் பையனுக்கு 1.5 இலட்சம். வீரன் செய்யக்கூடியது பெயர் கொடுப்பது மட்டும். அதற்குப் பிறகு பலகையைத் தூக்குபவர்கள் முதலாளிகள். “எனக்கு நெல்லை வேண்டாம், திருப்பூர் போதும்” என்று அவன் சொல்ல முடியாது. “18 இலட்சம் வேண்டாம், 12 கொடுங்கள், பழைய அணியிலேயே இருந்துகொள்கிறேன்” என்றும் சொல்ல முடியாது. தக்கவைப்பதா விடுவிப்பதா என்ற முடிவும் அணியின் கையில். அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே உரிமை, பெயரே கொடுக்காமல் வீட்டில் உட்கார்வது.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் ராமநாதபுரத்துக்கும் பஸ் ஏறுகிறீர்கள். வடக்கே போகிறவர்கள் ரயிலில் இரண்டு நாள் நின்றுகொண்டே போகிறார்கள். திரும்பி வரும்போது பாதிப் பேர் பழைய கம்பெனி வாசலில் இறங்குவதில்லை. பீஸுக்கு ஐம்பது பைசா கூட, அல்லது ஒன்றரை ஷிப்ட் உறுதி, அல்லது அந்த சூப்பர்வைசர் வாயைக் கேட்க வேண்டியதில்லை. ஏதோ ஒரு காரணம். கம்பெனி கேட்டிலும் மின்கம்பத்திலும் தொங்கும் ‘பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ அட்டையைப் பார்த்து நேரே உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். கணக்கு எழுதி, சனிக்கிழமை கவர் போட்டுக் கொடுத்தவன் நான். தீபாவளிக்கு அடுத்த வாரப் பட்டியலில் எத்தனை பேர் அடிபடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் உங்களைப் பிடித்து வைக்க அவரிடம் சட்டம் கிடையாது.

ஆகக் கம்பெனி மாறுகிற விஷயத்தில், 22 இலட்சத்துக்கு நம் அணி எடுத்த சாய் கிஷோரைவிட நீங்கள் சுதந்திரமானவர்கள். சிரிக்காதீர்கள். அவருக்கு விலை இருக்கிறது, போகுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. உங்களுக்கு உரிமை இருக்கிறது, விலைதான் இல்லை. உங்களிலும் எல்லோருக்கும் அந்த உரிமை கிடைத்துவிடவில்லை. ஸ்பின்னிங் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று ஹாஸ்டலில் வைத்திருந்தார்களே, அந்தப் பெண்களைக் கேளுங்கள். நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை அம்போ. கேம்ப் கூலி என்று நம் ஊர் அதற்குச் சரியாகத்தான் பெயர் வைத்தது.

சாய் கிஷோர் கதையை இன்னும் கொஞ்சம் பாருங்கள். 2022-இல் குஜராத் டைட்டன்ஸ் அவரை ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்கு எடுத்தது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் அவரை வெளியே விட்டு, இன்னோர் அணி கேட்டதும், ‘ரைட் டு மேட்ச்’ அட்டையை நீட்டித் திரும்ப இழுத்துக்கொண்டது. விலை 2 கோடி. அதே அணி, மூன்று வருடம் கூடுதல் அனுபவம், ஒரு கோடி குறைவு. அதற்குப் பிறகு 2025 சீசனில் அவர் 19 விக்கெட் எடுத்தார். அந்தச் சீசனுக்கு அவர் ஏல விலை 2 கோடிதான். பீஸ் ரேட் பேசாமல் மாதச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, அந்த மாதம் இரட்டிப்பு உருப்படி தைத்தவரின் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நடராஜனையும் பாருங்கள். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர், 2024-இல் நம் அணி 11.25 இலட்சத்துக்கு எடுத்தவர். ஐ.பி.எல்.-இல் 2017-இல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. அடுத்த வருடம் ஹைதராபாத் 40 இலட்சம். பிறகு ஆஸ்திரேலியா போய் ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2022-இல் 4 கோடி, 2025 சீசனுக்கு டெல்லி 10.75 கோடி. 10.75 கோடி கொடுத்த அணி அந்த வருடம் அவரை மிகச் சில ஆட்டங்களில்தான் இறக்கியது. கைத்திறன் இப்படி ஏறி இறங்குமா? அன்றைக்கு அந்த ஹாலில் யாருக்கு இடதுகை வேகப்பந்துக்காரர் தேவைப்பட்டார், யார் பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதுதான் ஏறியதும் இறங்கியதும். காதர்பேட்டையில் சரக்கு தேங்கிய நாளும் சரக்கில்லாத நாளும் போலத்தான். சாய் சுதர்சன் விஷயம் இன்னும் வேடிக்கை. 2023-இல் கோவை கிங்ஸ் அவருக்கு டி.என்.பி.எல்.-இல் கொடுத்தது 21.6 இலட்சம். அப்போது ஐ.பி.எல்.-இல் அவர் சம்பளம் 20 இலட்சம்.

இனி அமெரிக்காவுக்கு வருகிறேன். நம் துணிக்கு 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டு வயிற்றில் அடித்த ஊர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அங்கே கற்க இருக்கிறது. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும், முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதன் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். ஒவ்வொரு மார்ச் நடுவிலும் அங்கே ஆட்டமில்லாத திருவிழா ஒன்று நடக்கும். ஒப்பந்தம் முடிந்து, நான்கு சீசன் கணக்கில் ஏறிய வீரன் எவனும் ‘ஃப்ரீ ஏஜென்ட்’. எந்த அணியுடனும் பேசலாம். அவனுக்கு ஏஜென்ட் உண்டு. இரண்டு மூன்று அணிகள் கடிதம் நீட்டும். மனைவியின் ஊர், கோச்சின் குணம், குளிர், வரி எல்லாம் பார்த்து அவனே ஒன்றில் கையெழுத்துப் போடுவான். முதலாளிகளும் கைகட்டி நிற்பதில்லை. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-இல் 27.92 கோடி டாலர். தங்கள் அணியிலிருந்து ஒருவனை ‘ஃப்ரான்சைஸ் டேக்’ போட்டு ஒரு வருடம் நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் சும்மா நிறுத்த முடியாது; அவன் இடத்தில் ஆடுகிற முதல் ஐந்து பேர் வாங்கும் அளவில் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பிட்ஸ்பர்க் அணியின் லெவியான் பெல் அதையும் ஏற்காமல் 2018 சீசன் முழுவதும் ஆடாமல் இருந்தார். குற்றமில்லாத சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வீரர் சங்கத்தின் கணக்கில் அங்கே சராசரி ஆட்ட ஆயுள் நான்கு வருடத்துக்கும் குறைவு. பலர் அந்த நான்காவது சீசனைப் பார்ப்பதே இல்லை. தலைப்பில் வரும் டாலர் முழுவதற்கும் உத்தரவாதமும் இல்லை. காயம் பட்டால் கத்தரித்துவிடுவார்கள்.

ஆனால் அந்த உரிமை எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள், நம் ஊருக்கு நெருக்கமான கதை.

பழைய காலத்தில் அங்கே ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் நகர முடியாது. 1963-இலிருந்து ஒரு விதி: அவனை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், எவ்வளவு என்பதை லீக் தலைவர் சொல்வார். யாருக்கு எடுக்கத் துணிவு வரும்? 1982-இல் வீரர்கள் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987-இல் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை முக்கியக் கோரிக்கையே அணி மாறும் உரிமைதான். முதலாளிகள் என்ன செய்தார்கள்? கிடைத்த ஆட்களைப் பிடித்து, அவர்களுக்கு அதே பனியனை மாட்டி, மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். 24 நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. கையில் ஒப்பந்தம் இல்லாமல் வீரர்கள் திரும்பினார்கள்.

ஸ்ட்ரைக் நேரத்தில் வெளியாளை வைத்து மிஷின் ஓட்டுவது என்றால் என்ன என்று திருப்பூருக்கு விளக்க வேண்டுமா? 1984-இல் பஞ்சப்படி கேட்டு நம் ஊர் 127 நாள் நின்றது. அரிசிப் பானை காலியாகி, நகை அடகுக்குப் போய், ஆனாலும் நின்று பஞ்சப்படியை வாங்கியது. இன்றைக்கும் சங்கங்களும் முதலாளிகளும் சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து பொதுக் கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால் அந்த 127 நாள் அதில் இருக்கிறது. ஒப்பந்தப்படி எத்தனை கம்பெனி கொடுக்கிறது என்பது வேறு வழக்கு. அதை இங்கே திறந்தால் மூட முடியாது.

அமெரிக்க வீரர்கள் மைதானத்தில் தோற்றதைக் கோர்ட்டில் எடுத்தார்கள். தொழிற்சங்கம் என்ற தகுதியையே 1989-இல் கழற்றி வைத்தார்கள். சங்கம் இருக்கும்வரை முதலாளிகளின் கட்டுப்பாட்டை ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் இழுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்ததுதான் காரணம். ஒவ்வோர் அணியும் 37 பேரைப் பூட்டி வைத்துக்கொண்டு மிச்சப் பேரை மட்டும் திறந்துவிடும் ஒரு திட்டத்தை முதலாளிகள் கொண்டுவந்தார்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஃப்ரீமன் மெக்நீல் உள்ளிட்ட எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். 1992 செப்டம்பரில் மினியாபோலிஸில் ஜூரி அந்தத் திட்டம் சட்டவிரோதம் என்றது. உடனே ரெஜி வைட் என்ற ஆட்டக்காரரின் பெயரில் எல்லோருக்குமான வழக்கு கிளம்ப, முதலாளிகள் இறங்கி வந்தார்கள். 1993-இல் உரிமை வந்தது, கூடவே 1994-இலிருந்து சம்பள உச்சவரம்பும் வந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள்.

அன்று எல்லோரும் பயந்தது ஒன்றுதான். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்: இஷ்டத்துக்குப் போகலாம் என்றால் நல்லவர்கள் எல்லாம் சென்னைக்கும் கோவைக்கும் போய்விட மாட்டார்களா? திருப்பூருக்கு யார் வருவார்?

ரெஜி வைட் எங்கே போனார் தெரியுமா? லீக்கின் மிகப்பெரிய தடுப்பாட்டக்காரர்; ஊர் ஊராக அவரை அழைத்து விருந்து வைத்தார்கள். 1993 ஏப்ரலில் அவர் கையெழுத்துப் போட்டது கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு, நான்கு வருடம், 1.7 கோடி டாலர். கிரீன் பே, லீக்கிலேயே சின்ன ஊர். ஜனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல்; நம் மாநகராட்சியில் சில வார்டுகள் சேர்ந்தால் வந்துவிடும். கடுங்குளிர். காகித ஆலையும் இறைச்சி டப்பா அடைக்கும் கம்பெனிகளும் இருந்த தொழிலூர். 1919-இல் அந்த அணியைத் தொடங்கிய கர்லி லாம்போ, தான் வேலை பார்த்த இந்தியன் பேக்கிங் கம்பெனியிடம் பனியன் வாங்கக் காசு கேட்டார், கொடுத்தார்கள், அதனால்தான் பேக்கர்ஸ். (இந்தியன் என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம், நாம் இல்லை.) இன்றுவரை அந்த அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் பங்கு வைத்திருக்கிறார்கள்; ஒரு பைசா லாபப்பங்கு கிடைக்காது, விற்கவும் முடியாது, ஆனாலும் வாங்குகிறார்கள். அந்த ஊருக்குத்தான் ரெஜி வைட் வந்தார். 1997 ஜனவரியில் சூப்பர் பௌல் ஜெயித்தார்கள். அவர் வந்தது காசுக்காகவும்தான், மறைக்க ஒன்றுமில்லை. அதன் மேல் உச்சவரம்பும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் சின்ன ஊரும் பெரிய ஊரும் ஒரே பணத்தோடு கடைக்கு வரும். மிச்சத்தை ஊரும் கோச்சும் அணியின் பெயரும் தீர்மானிக்கும்.

டி.என்.பி.எல்.-இல் அந்தப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. செலவு வரம்பு சேப்பாக்கத்துக்கும் அதுதான், திருப்பூருக்கும் அதுதான். வீரனின் வாய்க்குப் போட்ட பூட்டு மட்டும்தான் மிச்சம்.

அந்தப் பூட்டு எவ்வளவு பெரியது என்பதற்கு ரவீந்திர ஜடேஜாவைக் காட்டலாம். ராஜஸ்தான் ராயல்ஸில் ஆடிக்கொண்டிருந்தவர், மும்பையுடன் தானாகப் பேசிப் பார்த்தார் என்பதற்காக 2010 ஐ.பி.எல். முழுவதும் தடை வாங்கினார். பேசியதுதான் குற்றம். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், சஞ்சு சாம்சனுக்காக அவரை மாற்றிக் கொடுத்தது. எந்த அணிக்கு? அதே ராஜஸ்தானுக்கு. அணிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் அதற்குப் பெயர் ‘டிரேடு’. அதில் வீரனின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, அந்த மட்டுக்கு நல்லது. ஆனால் பேச்சை அவன் தொடங்கினால் 2010-இன் தடைதான்.

ஏன் யாரும் கேட்பதில்லை? கேட்க அமைப்பு இல்லை. 2019-இல் இந்தியன் கிரிக்கெட்டர்ஸ் அசோசியேஷன் வந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். இன்று ஆடிக்கொண்டிருக்கும் வீரனுக்கு இந்தியாவில் சங்கம் கிடையாது. சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி., எல்.பி.எஃப். என்று கட்சிக்கொரு கொடி பறக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது உங்களுக்கு வினோதமாகத்தான் இருக்கும். நட்சத்திரங்களுக்குத் தேவையில்லை, அவர்கள் விளம்பரத்திலேயே சம்பாதிப்பார்கள். 1.5 இலட்சத்துக்குப் போய், ஓர் ஆட்டமும் ஆடாமல் பெஞ்சில் இருந்து, அடுத்த வருடம் விடுவிக்கப்படும் பையனுக்குத்தான் தேவை. அவன் இடத்தில் உங்கள் வீட்டுப் பையனும் இருக்கலாம்; சிக்கண்ணா கல்லூரி கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், எத்தனை பேர் அந்தக் கனவோடு ஓடிவந்து பந்து போடுகிறார்கள்.

மாநில அளவில் மட்டும் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்கு ஆடப் போகலாம். பாபா அபராஜித் அப்படித்தான் 2024-இல் கேரளத்துக்குப் போனார். விஜய் சங்கரும் 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டை விட்டுத் திரிபுராவுக்குப் போனார். ஒரு பத்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டுக்கு ஆடியவர், கேப்டனாகவும் இருந்தவர். அணிக்குள் வருவதும் போவதுமாக இருந்த நிலையில் அவரே எடுத்த முடிவு அது. அவர் வாழ்க்கையில் அவரே தேர்ந்தெடுத்த இடமாற்றத்தைத் திட்ட வேண்டுமென்றால் அதைத் திட்டுங்கள். சேப்பாக்குக்குப் போனதற்குத் திட்டாதீர்கள்.

நம் அணியே இடம்பெயர்ந்து வந்ததுதானே. 2019 வரை அது காரைக்குடி காளை. காரைக்குடிக்காரர்களைக் கேட்டா இங்கே கொண்டுவந்தார்கள்? முதலாளி ஊரை மாற்றினால் வியாபாரம், வீரன் அணி மாறினால் துரோகமா? தூத்துக்குடி அணி சேலமானது. இத்தனைக்கும் பெயரில் திருப்பூர் இருக்கிறதே தவிர, ஊரில் ஆட்டம் கிடையாது, கோயம்புத்தூர் எஸ்.என்.ஆர். கல்லூரிக்குப் பஸ் ஏறித்தான் பார்க்கிறீர்கள். அதற்காக ஒரு குழுவும் கொதித்து நான் பார்க்கவில்லை.

கேட்பது ஒன்று. டி.என்.பி.எல்.-இல் நான்கு சீசன் அணிப் பட்டியலில் இருந்த வீரன், ஏலத்துக்கு ஒரு மாதம் முன்பு, அணியின் செலவு வரம்புக்குள் எந்த அணியோடும் தானே பேசி ஒப்பந்தம் போடலாம் என்று ஒரு விதி வரட்டும். பேசி முடியாதவன் ஏலத்துக்குப் போகட்டும். முதலாளிக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. சாய் கிஷோர் திருப்பூரில் இருந்தால், இருக்க விரும்பித்தான் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். அது 22 இலட்சத்தைவிடப் பெரிய சேதி. இதை வீரர்கள் கேட்க முடியாது, கேட்டால் அடுத்த ஏலத்தில் பலகை எழும்பாமல் போகலாம். டிக்கெட் வாங்குகிற நீங்கள் கேட்கலாம். உங்களை யாரும் விடுவிக்க முடியாது.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் அலுவலகம் சேப்பாக்கம் மைதானத்தில்தான் இருக்கிறது. ஒரு தாளில், தமிழிலேயே, லைனுக்கு லைன் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். செக்கிங் டேபிள் அக்காக்களிடம் முதலில் கொடுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மிச்சப் பேர் தானாகப் போடுவார்கள்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிய ஒருவன்,
திருப்பூர்.